நோய் வந்த வழி

கொலோன், ஜெர்மனி
3 மார்ச் 2025

சுகா,

உறையில் என் பெயரைப் பார்த்தவுடன் கிழித்துப் போடாமல் இருந்தால்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பாய். என் எண்ணை நீ தடுத்து வைத்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. மெயில் நாலைந்து அனுப்பினேன், பதில் இல்லை. உன் வீட்டு முகவரி எனக்கு மனப்பாடம். அதனால்தான் தபால்.

இங்கே ஒரு விலங்குக் காப்பகத்தில் தவளைப் பிரிவில் இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. மற்றது எதுவும் பழகவில்லை. அதை எழுத வரவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

நம்முடைய ஒன்பது சோலைத் தவளைகளை மலைமேல் ஒரு காப்பகத்துக்குக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கும். (எப்படி மறப்பாய், மடத்தனமாகக் கேட்கிறேன்.) அவை இப்போது நாற்பத்து மூன்று. மூன்று முறை முட்டையிட்டிருக்கின்றன. அங்கே பராமரிப்பு அறைச் சுவரில், தவளைகளோடு நீ அனுப்பிய தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதாம். "மருந்துக் குளியல் ஐந்து நிமிடம், பதினொரு நாள். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. அவசரமாக இருந்தால் இன்று தொடாதே, வீட்டுக்குப் போ." கடைசி வரியை அவர்கள் எல்லோருமே வேடிக்கையாகச் சொல்கிறார்கள். இதை எழுதினவர் யார், அவர் இப்போது எங்கே என்று என்னிடம் கேட்டார்கள்.

நம் அறக்கட்டளை, மூடிக்கிடந்த தவளை மையத்தை மறுபடி திறக்கிறது. காஞ்சிபுரத்தில் அதே பழைய பட்டுநூல் கிடங்கு. அந்த நாற்பத்து மூன்றும் அங்கேயே திரும்பி வருகின்றன. செப்டம்பரில் ஆறு வாரப் பயிற்சி. விலங்குக் காட்சி சாலைகளிலிருந்தும் வனத்துறையிலிருந்தும் பன்னிரண்டு பேர். தவளைகளை அடைப்பில் வைத்து உயிரோடு காப்பாற்றவும், இனம் பெருக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். முதன்மைப் பயிற்சியாளராக யாரைப் போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார்கள். நான் வற்புறுத்தினேன்.

அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நோய்த்தடுப்பு விதிகளை நீ இப்போது முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் என்றும், உன் வீட்டாருக்கு ஏரி, வயல் தவளைகளோடு இனி எந்தத் தொடர்பும் இல்லை என்றும் ஒரு சின்ன உறுதிமொழி. வெறும் சம்பிரதாயம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

நடந்ததெல்லாம் நடந்துவிட்டது. தவளைகளை நினைத்தாவது ஒத்துக்கொள்.

உன்
ஸிந்து


மாகறல்
26 மார்ச் 2025

முனைவர் ஸிந்துஜா ரங்கநாத் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. படிவத்தை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வெறுமையாக.

நான் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். செல்போனுக்கு உள்ளே போகும் சிறு சிறு பாகங்கள் செய்யும் வேலை. தலைக்கு உறை, காலுக்கு உறை, கைக்கு உறை. சேர்ந்த முதல் நாள் சுத்தமான அறைக்குள் எப்படி நுழைவது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். முடிந்ததும் அந்த மேற்பார்வையாளர், "இன்னாம்மா, நீ முன்னாடியே எங்கியோ கத்துக்கினு வந்திருக்கிற" என்றார். ஆமாம் சார் என்றேன். எங்கே என்று கேட்டார். சொல்லவில்லை.

தாங்கள் கேட்கும் உறுதிமொழியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

விதிகளைப் புரிந்துகொண்டேன் என்பது முதலாவது. மேடம், அந்த விதிகளைத் தமிழில் எழுதியதே நான். முதல் அணி பயிற்சிக்கு வந்தபோது, "பட்டுக்குப் பேர்போன ஊர்ல தவளைக்கு இன்னா வேலை?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர்களுக்கு, முழங்கை வரை கைகழுவுவதை மூன்று நாள் சொல்லிக்கொடுத்தவள் நான். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே, குளோரின் போக இரண்டு நாள் தொட்டியில் வை. தவளையைப் பிடிக்காதே, உள்ளங்கையைக் காட்டு, அதுவாக உட்காரட்டும். பகலில் மறைவை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படு. மல்லாத்திப் போட்டால் உடனே திரும்புகிறதா பார், திரும்பவில்லை என்றால் அன்றைக்கே தனி அறை. புதிதாக வரும் எதையும் தொண்ணூறு நாள் தனியே வை, சோதனை முடிவு கையில் வராமல் ஒன்றையும் சேர்க்காதே. இதெல்லாம் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, என் வீட்டார். என் அப்பா சாமுவேல் இளவயதில் தவளை பிடித்தவர். ஏற்றுமதிக்குப் பிடித்தார். அது தடை ஆனதும் கல்லூரிகளுக்குப் பிடித்துக் கொடுத்தார், மாணவர்கள் அறுத்துப் பார்க்க. அதுவும் நின்று பல வருஷம் ஆகிறது. அதற்குப்பின் அவர் கட்டட வேலை. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. உங்களிடம் கல்லூரி முதல் வருஷத்திலேயே சொன்னேன். நீங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். மையம் தொடங்கியபோது அச்சடித்த புத்தகத்தில் முழுப் பக்கம்: "தவளை பிடித்தவரின் மகள், இன்று தவளைகளின் காவலர்." அப்பாவின் வலை எப்போதோ மக்கிப்போய்விட்டது என்று சொன்னேன். நீங்கள் எங்கிருந்தோ ஒரு வலையை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்து, ஏரியில் முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்துப் படம் எடுத்தீர்கள். அவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

மூன்று வருஷம் கழித்து அதே ஏரி, அதே வலை, அதே அப்பா விசாரணை அறிக்கையில் வந்தார்கள். ஆறாம் பக்கம். தலைப்பு, "நோய் வந்த வழி." கீழே, "மூத்த பராமரிப்பாளர் வசிப்பது ஏரிக்கரையில். அவருடைய குடும்பம் பரம்பரையாகத் தவளை பிடிப்பது. நோய்க்கிருமி அவ்வீட்டின் வழியாக மையத்துக்குள் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்."

ஐம்பத்தைந்து தவளைகள் செத்தன. ஒவ்வொன்றையும் நான்தான் எடுத்தேன். நோய் வந்த வழி எது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தவளைகளை நினைத்து ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். நினைக்காத நாள் இல்லை, மேடம்.

இப்படிக்கு,
சா. சுகாசினி


கொலோன்
20 ஏப்ரல் 2025

சுகா,

மேடம் என்று நீ எழுதியதை எத்தனை தடவை எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வயசிலிருந்து "டி" போட்டுப் பேசியவர்கள் நாம்.

உன் கோபம் நியாயம். ஆனால் சிலவற்றை நானும் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையை நான் எழுதவில்லை. வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர் குழு எழுதியது. அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். "உங்கள் பணியாளர்களில் ஈரநிலத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றேன். பொய்யா? "அவர் குடும்பத்தின் தொழில்?" என்றார்கள். நம்முடைய புத்தகம் அவர்கள் மேசைமேலேயே இருந்தது, சுகா. நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை.

நீ அந்தப் பதினொரு தவளைகளைச் சொல்கிறாய் என்று புரிகிறது. அவைதான் காரணம் என்பதற்கு முழு ஆதாரம் கிடையாது. வேறு வழியிலும் வந்திருக்கலாம். அந்த மாதம் குளிரூட்டி இரண்டு முறை பழுதானது. தண்ணீர் லாரி மாறியது. ஒரு மையத்தில் நோய் நுழைய நூறு ஓட்டைகள் உண்டு, இது நீயே வகுப்பில் சொல்வதுதான்.

அன்று என் நிலைமை உனக்குத் தெரியாது. மையத்தைத் தொடர்ந்து நடத்துவதா, மூடுவதா என்று முடிவுசெய்கிறவர்கள் வருகிறார்கள். பார்வை அறையில் ஐந்து தொட்டிகள் காலி. தனி அறையில் பதினொரு தவளைகள், பார்க்க அவ்வளவு ஆரோக்கியமாக, பளபளவென்று. சாலை போட்டு அழிந்துகொண்டிருந்த ஓடையிலிருந்து நாம் மீட்டவை. காட்டுவதற்கு நம்மிடம் இருந்த நல்ல செய்தி அது ஒன்றுதான். உன் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, நீ விடுப்பில் இருந்தாய். நீ இருந்திருந்தால் என்னை நிறுத்தியிருப்பாய். சில நாள் அதற்காகவே உன்மேல் கோபம் வருகிறது.

இங்கே ஒவ்வொரு புதுத் தவளைக்கும் தொண்ணூறு நாள் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் என் வேலை. வேண்டுமென்றே கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அந்த உறுதிமொழி அபத்தம். அது இல்லாமலே உன்னை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். உன் அப்பா எப்படி இருக்கிறார்? அவரை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

ஸிந்து


மாகறல்
14 மே 2025

ஸிந்துஜா,

மேடம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஜூன் பத்து, 2022. பதினொன்று வந்தன. என் நோட்டில் எழுதினேன். ஜூலை பதினெட்டு, நீ அவற்றைப் பார்வை அறைக்கு மாற்றினாய். முப்பத்தெட்டாம் நாள். இரண்டு நாள் கழித்து நான் வந்தபோது தனி அறைத் தொட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. சுத்தம் செய்யும் எஸ்தர் துடைப்பத்தோடு நின்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "மேடம்தான்க்கா மாத்தச் சொன்னாங்க. நான் வாளியத் தூக்கினு பின்னாடி போனேன், அவ்ளோதான்" என்றாள். உன்னிடம் ஓடி வந்தேன். "சோதனை முடிவு வந்துடுத்து, போன்ல சொன்னா, ஒண்ணும் இல்லை" என்றாய். நம்பினேன். முடிவு ஜூலை முப்பத்தொன்றுக்குத்தான் வந்தது. பதினொன்றில் ஏழுக்குப் பூஞ்சை. அதற்குள் அவை கிடந்த தண்ணீரும் தொட்ட இலையும் எல்லாத் தொட்டிக்கும் போயிருந்தன.

முழு ஆதாரம் இல்லை என்று என்னிடம் எழுதுகிறாய். உன் கையெழுத்தில்தான் பதிவேட்டில் ஜூன் பத்து ஏப்ரல் பத்து ஆனது. என் நோட்டையும் குழு வாங்கிக்கொண்டு போனது. தமிழில் இருந்ததாம். குழுவில் தமிழ் படிக்கிறவர் இல்லையாம். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். உனக்குப் படிக்கத் தெரியும்.

அப்பாவை விசாரித்திருக்கிறாய். சொல்கிறேன், கேள்.

குழுவில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் கிடந்த செருப்பைப் படம் எடுத்தார். கார் ஓட்டி வந்தவர் அவர் சொன்னதை அப்பாவிடம் தமிழில் கேட்டார், "இந்தச் செருப்பப் போட்டுக்கினுதான் ஏரிக்குப் போவீங்களா? உங்க பொண்ணும் இந்த வாசல்லதான் நடக்கிறாங்களா?" அப்பா இரண்டுக்கும் ஆமாம் சார், ஆமாம் சார் என்றார். அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டு, "அதுங்க என்னாலயா செத்துச்சு?" என்றார். இல்லை என்றேன். ஆயிரம் தடவை இல்லை என்றிருக்கிறேன். சுவரிலிருந்து அந்தப் படத்தை அவரே கழற்றிவிட்டார்.

மறுநாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தார். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். மையத்தில் கால் நனைக்க வைப்போமே, அதே மாதிரி. வெளியே போய் வரும்போதெல்லாம் அதில் நிற்பார். எவ்வளவு பவுடர் போடவேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. கை நிறைய அள்ளிப் போட்டார். அவருக்குச் சர்க்கரை. பாதம் வெடித்தது. தட்டைத் தூக்கி எறிந்தேன், வேறு வாங்கி வந்தார். போன வருஷம் ஜனவரியில் காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் வலது கால் கட்டை விரலை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, மீதி நாலு விரலோடு அந்தத் தட்டில்தான் முதலில் கால் வைத்தார். "பழகிப்போச்சும்மா" என்றார்.

நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். பெற்ற மகள் அப்படித்தான் சொல்வாள் என்கிறார். நீ சொன்னால் நம்புவார். பெரிய படிப்புப் படித்தவள், மையத்தின் தலைவி.

எனக்கு மன்னிப்பு வேண்டாம், வேலை வேண்டாம். அவருக்கு எழுது. தமிழில் எழுது. என்ன செய்தாய் என்று எழுது. "இருக்கலாம்", "வாய்ப்பு" என்ற வார்த்தைகள் அதில் வரக்கூடாது.

எழுத மாட்டாய் என்றால் இனி எந்தக் கடிதமும் அனுப்பாதே.

சுகாசினி


கொலோன்
6 ஜூலை 2025

சுகா,

பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் முழுக்க உன் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றினேன், எடுத்துப் படிக்கவில்லை. தவளைகளுக்குத் தெளிக்கும்போது அதில் தண்ணீர் பட்டு "கட்டை விரலை" என்ற இடத்தில் மை கலைந்துவிட்டது. கலைந்தாலும் என்ன எழுதியிருந்தது என்று தெரிகிறது.

அதற்குப்பின் ஒரு வேலை செய்தேன். அறக்கட்டளைக்கு எழுதினேன். தேதியை மாற்றியது நான், தவளைகளை மாற்றியது நான், அறிக்கையின் ஆறாம் பக்கம் தவறு, திருத்த வேண்டும் என்று. பத்து நாளில் இரண்டு வரிப் பதில் வந்தது. 2022 விவகாரம் முடிந்துபோனது, அதைத் திரும்பத் திறக்கும் எண்ணம் இல்லை, உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். அவ்வளவுதான்.

அதைப் படித்தவுடன் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை உன்னிடம் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. இங்கே என் வேலை போகாது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் கூச்சம் வந்தது. என்னுடைய யோக்கியதை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அறிக்கை வந்த அன்று அதைச் சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா ஆறாம் பக்கத்தைப் படித்தார், தலையாட்டினார், மூடி வைத்தார். அம்மா கேட்டாள், "யாரு, நம்ம சுகாசினி ஆத்திலேர்ந்தா வந்தது?" அப்பா ஆமாம் என்றார். அவ்வளவுதான். யாரும் ஆச்சரியப்படவில்லை. யாரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. உங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன் என்று கல்லூரியில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பழியை உங்கள் வாசலில் வைத்தால் அது அங்கேயே நிற்கும், யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள் என்று. தெரிந்துதான் வைத்தேன். குழு கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். புத்தகம் அவர்கள் மேசைமேல் தானாக வரவில்லை. நான் கொடுத்தேன்.

உன் அப்பாவுக்கான கடிதத்தை இதன் கீழேயே எழுதியிருக்கிறேன். நீ படித்துப் பார், போதாது என்றால் சொல்.

ஸிந்து

*

அப்பாவுக்கு,

நான் ஸிந்துஜா. உங்கள் மகளோடு படித்தவள், அவளோடு வேலை செய்தவள்.

மையத்தில் தவளைகள் செத்துப்போனதற்குக் காரணம் நான். வெளியிலிருந்து வந்த பதினொரு தவளைகளைத் தொண்ணூறு நாள் தனியாக வைத்திருக்க வேண்டும். முப்பத்தெட்டாம் நாளே மற்றவற்றோடு சேர்த்துவிட்டேன். பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகச் சேர்த்தேன். அவற்றுக்கு நோய் இருந்தது. அந்த நோய்தான் மற்றவற்றைக் கொன்றது. விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று மையத்தின் பதிவேட்டில் தேதியை அடித்து மாற்றினேன். உங்கள் வீட்டிலிருந்து நோய் வந்ததாகக் குழு எழுதியபோது, அது பொய் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் செருப்பில் ஒன்றும் இல்லை. உங்கள் ஏரியில் ஒன்றும் இல்லை. உங்கள் மகள் ஒரு தவறும் செய்யவில்லை. மிஞ்சிய ஒன்பதும் அவளால்தான் பிழைத்தன.

அந்தத் தட்டில் இனிமேல் கால் வைக்காதீர்கள். உங்கள் விரல் போனது என்னால். மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. நடந்தது இதுதான் என்று மட்டும் நம்புங்கள்.

ஸிந்துஜா


மாகறல்
3 ஆகஸ்டு 2025

ஸிந்து,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இன்று ஞாயிறு. கோயில் முடிந்து வந்ததும் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவருக்கான பகுதியை மட்டும், தனியே வெட்டி எடுத்து. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்ட மாதிரியே எழுதியிருந்தாய். "இருக்கலாம்" இல்லை, "வாய்ப்பு" இல்லை. மூன்று வருஷமாக இந்த வார்த்தைகளை நீ சொல்வதுபோல் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட நன்றாக எழுதியிருந்தாய்.

அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கடிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். முடிந்தது, இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்புறம் சொன்னார், "பாவம்மா அந்தப் பொண்ணு. என் மனசு நோவக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலமேல போட்டுக்கினு எழுதிக்கிது பாரு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "அப்பா, அது நெஜம்பா. அவ பண்ணத அவளே எழுதியிருக்கிறாப்பா" என்றேன்.

"உனக்கு அதும்மேல கோவம் இருக்குது. அதான் அப்பிடிச் சொல்ற. தப்புப் பண்ணவங்க யாராச்சும் இப்பிடி எழுதுவாங்களா? எழுதவே மாட்டாங்கம்மா. எத்தினி பேரைப் பார்த்திருக்கிறேன் நான்."

கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானமே ஓரிக்கைக்குப் போய் எஸ்தரைக் கூட்டி வந்தேன். அவள் வாளியைத் தூக்கியதிலிருந்து எல்லாவற்றையும் அவர் எதிரில் நின்று சொன்னாள். பொறுமையாகக் கேட்டார். "சுகாசினி சொல்லிக் குடுத்து இட்டாந்துக்குது" என்று அவளுக்கு டீ போடச் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாக, "சீமையில இருந்துக்கினு, அவ்ளோ படிச்ச பொண்ணு, என்ன அப்பான்னு எழுதிக்கிது. அதைப்போயி குத்தம் சொல்லாதம்மா" என்றார்.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பெரிய இடத்தில் இருப்பவர் எவரும் தப்பை ஒப்புக்கொண்டு அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கட்டடத்தில் சாரம் சரிந்தாலும் ஏறினவன்மேல்தான் பழி. அதனால் நீ எழுதியதை எந்த வகையில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த வகையில் சேர்த்துவிட்டார், தர்மம் என்று. உண்மையைச் சொல்லிக்கூட நீ நல்லவளாகிவிட்டாய், ஸிந்து. அவர் இப்போதும் குற்றவாளிதான். முன்பு நோய் கொண்டுவந்தவர். இப்போது ஒரு நல்ல பெண்ணைத் தனக்காகப் பொய் சொல்லவைத்தவர்.

அந்த ஆறாம் பக்கம் திருத்தப்பட்டு, முத்திரை குத்தி, அதே குழு அதே செருப்பு கிடந்த வாசலுக்கு வந்து சொன்னால் நம்புவாரோ என்னவோ. அது நடக்காது என்று உனக்குக் கடிதம் வந்துவிட்டது. மூன்று வருஷம் முன்னால், குழு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்போது அவர் நம்பியிருப்பார். அப்போது பத்து விரலும் இருந்தது.

பயிற்சிக்கு ஒத்துக்கொண்டு அறக்கட்டளைக்கு எழுதிவிட்டேன். கம்பெனியில் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன். உனக்காகச் செய்கிறேன் என்று ஒரு நொடியும் நினைத்துவிடாதே. அந்த நாற்பத்து மூன்றைப் பார்க்க யாராவது வேண்டும், நன்றாகப் பார்க்க என்னைவிட ஆள் இல்லை என்பதால் போகிறேன். ஆனால் இந்தத் தடவை கைகழுவுவதிலிருந்து தொடங்கமாட்டேன். முதல் நாள், முதல் மணி, ஜூலை பதினெட்டைச் சொல்லப்போகிறேன். தவளை எப்படிச் சாகிறது என்பதைச் சொல்வதற்கு முன்னால், பார்க்க வருகிறவர்களுக்காகக் கதவு எப்படித் திறக்கிறது என்பதைச் சொல்வேன். பன்னிரண்டு பேருக்கும் உன் பெயரைச் சொல்வேன். பதவியைச் சொல்வேன். உன் கடிதத்தின் முதல் பகுதி என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்களுக்குக் காட்டுவேன். அறக்கட்டளை என்னை அன்றைக்கே வெளியே அனுப்பினாலும் முதல் மணி நேரம் முடிந்திருக்கும்.

உன்னை மன்னிக்கவில்லை. இதற்குமேல் எழுதவும் மாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று, நீ தெரிந்துகொள்ள வேண்டியது. சாயங்காலம் அப்பா எஸ்தரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வாசலில் தட்டில் நின்றார், எப்போதும்போல. பாதத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உன் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் உட்காரச் சொல்லி ஜெபம் செய்தார். அம்மா கண்ணுக்காக, என் வேலைக்காக, அப்புறம் உனக்காக. ஆண்டவரே, தூர தேசத்தில் தனியாக இருக்கிற ஸிந்துஜா என்கிற அந்த நல்ல பிள்ளையை ஆசீர்வதியும் என்றார். இனி தினமும் சொல்லப்போகிறாராம்.

அவர் முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். நான் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது.

சுகாசினி